கார் கதவில் ஸ்பீக்கர் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். வாங்கியதை எப்படி மாட்டணும் என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் சத்தம் நன்றாக வருவதும் வராததும் பெரும்பாலும் மாட்டுவதில்தான் இருக்கிறது. சாதாரண விலை ஸ்பீக்கரை ஒழுங்காக மாட்டினால், அதைவிட ரெண்டு மடங்கு விலை உள்ளதை ஏனோதானோ என்று மாட்டியதைத் தாராளமாக மிஞ்சும். நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் தருகிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் போவேன், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கு. கார் கதவுல பெட்டியே இல்லையே, அப்புறம் எப்படி சத்தம் வருது?

கதவுதான் பெட்டி. மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று இழுபடுகிறது. ஆக முன்னாலும் பின்னாலும் நேரெதிரான ரெண்டு அலைகள் கிளம்புகின்றன. இந்த ரெண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பெட்டியின் வேலை, பின்னால் கிளம்பும் அலையை உள்ளேயே பிடித்து வைப்பது.

உயர்ந்த ஒலிகளுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. பேஸ்தான் அடி வாங்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலு மீட்டருக்கும் மேல். அது ஓட்டை வழியாகவும் இடுக்கு வழியாகவும் சுலபமாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். கார் கதவின் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன, அதை மூடியிருப்பது ஒரு பிளாஸ்டிக் தாள் மட்டும். பெட்டி என்று சொன்னேன் இல்லையா, அது இப்படி ஒரு ஓட்டைப் பெட்டி. அந்த ஓட்டைகளை மூடுவதும் மாட்டுகிற வேலையில் சேர்ந்ததுதான்.

புது ஸ்பீக்கர் போட்டேன், கம்பெனில வந்ததைவிட பேஸ் குறைஞ்ச மாதிரி இருக்கு. டூப்ளிகேட் கொடுத்துட்டானா?

பெரும்பாலும் இல்லை. கம்பெனி ஸ்பீக்கரின் பிளாஸ்டிக் சட்டம் அந்தக் கதவுக்கென்றே வார்க்கப்பட்டது, பின்னால் ஃபோம் கேஸ்கெட்டோடு தகட்டில் சிக்கென்று உட்காரும். புது ஸ்பீக்கரோ எல்லாக் காருக்கும் பொதுவான வட்டச் சட்டம். அதைக் கம்பெனி ஓட்டையில் வைத்து ரெண்டு ஸ்க்ரூ முறுக்கினால் ஓரமெல்லாம் இடைவெளி. அந்த இடைவெளி வழியாகவே முன் அலையும் பின் அலையும் சந்தித்து பேஸைத் தின்றுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கோன் ரொம்ப லேசானது, குறைந்த பவருக்கே சத்தம் போடும். நல்ல ஸ்பீக்கர்களின் கோன் பல சமயம் கனமாக இருக்கும், அதே செட்டில் கொஞ்சம் அடங்கித்தான் ஒலிக்கும். முதலில் போலாரிட்டி, அதாவது ஒயரின் ப்ளஸ் மைனஸ், சரியா என்று பாருங்கள் (கீழே சொல்கிறேன்), அப்புறம் ஓர இடைவெளி. கடைக்காரரோடு சண்டை போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் காருக்கு என்ன சைஸ் போகும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

இப்போது வரும் பல கார்களில் முன் கதவுக்கு 6.5 இன்ச். சில சின்ன கார்களிலும் சில பின் கதவுகளிலும் 5.25 அல்லது 4 இன்ச் இருக்கும். இணையத்தில் தேடிப் பார்க்கலாம், ஆனால் ஒரே காரின் வெவ்வேறு வருட மாடல்களில்கூட மாறும் என்பதால் டோர் பேடை (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடி) கழட்டி ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குவதுதான் உத்தமம். விட்டத்தைவிட ஆழம் முக்கியம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

கோஆக்ஸியல் போதுமா, கம்போனென்ட் வாங்கணுமா?

கோஆக்ஸியலில் ட்வீட்டர் (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கோனின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். கம்போனென்ட்டில் ட்வீட்டர் தனி, உயர் ஒலியையும் தாழ்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் தனி. கதவு ஸ்பீக்கர் முழங்காலுக்குக் கீழே இருப்பதால் கோஆக்ஸியலின் உயர் ஒலி சீட்டுக்கும் காலுக்கும் போய்ச் சேர்கிறது, காதுக்கு மிச்சம்தான் வரும். கம்போனென்ட் போட்டு ட்வீட்டரை மேலே வைத்தால் பாடகர் டேஷ்போர்டு மேல் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். முன் கதவுக்கு கம்போனென்ட், பின் கதவுக்கு கோஆக்ஸியல் (அல்லது கம்பெனி ஸ்பீக்கரையே விட்டுவிடுவது) என்பது என் கட்சி. ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், கோஆக்ஸியல் வாங்கி மிச்சத்தைத் தகட்டு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டுக்கும், ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் ரிங்குக்கும் போடுங்கள்.

டோர் பேடை நானே கழட்டலாமா? உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

கழட்டலாம். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, லாக் லீவருக்குப் பின்னால் ஒன்று, பெரும்பாலும் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். ஓரங்களைச் சுற்றிக் கிளிப்புகள். ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகுதான் கீழ் ஓரத்திலிருந்து இழுக்க ஆரம்பிக்கணும். உடைகிறதெல்லாம் ஒரு ஸ்க்ரூவை மறந்துவிட்டுப் பலத்தைக் காட்டுவதால்தான். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பெயின்ட் போகும், பிளாஸ்டிக் ட்ரிம் டூல் வாங்கிக்கொள்ளுங்கள். உதிரிக் கிளிப் ஒரு பத்தும் கையில் இருக்கட்டும். சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி ஆக்சஸரீஸ் கடைகள் உள்ள தெருக்களில் சில்லறைக்குக் கிடைக்கும்.

கண்ணாடியைக் கையால் சுற்றும் வகை என்றால், கைப்பிடிக்குப் பின்னால் ஒரு கம்பி லாக் இருக்கும். ஒரு பழந்துணியை அந்த இடுக்கில் விட்டு இடமும் வலமும் இழுத்தால் லாக் வெளியே தெறிக்கும், எங்கே விழுகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள். பவர் விண்டோ என்றால் பேடை வெடுக்கென்று இழுக்காமல் முதலில் சுவிட்ச் கப்ளரை (ஒயர் சொருகும் பிளக்) கழட்டுங்கள்.

கம்பெனி ஸ்பீக்கர் ஸ்க்ரூ இல்லாம ரிவெட் அடிச்சு வெச்சிருக்கு. என்ன பண்றது?

ரிவெட்டின் தலையை ட்ரில்லால் மெதுவாக ஓட்டி எடுத்தால் கழன்று வந்துவிடும். தகட்டுத் துளையைப் பெரிதாக்காமல் தலையை மட்டும் வெட்டணும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ட்ரில் போடும்போது உதிரும் இரும்புத் தூள் கதவின் அடியில் விழும், தகட்டில் ஒட்டும், புது ஸ்பீக்கரைப் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தத்தில் முள் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். ஒரு துகள் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) இடுக்குக்குள் போனாலும் கரகரப்பு ஆரம்பித்துவிடும், அதைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட முடியாது. அதனால் புது ஸ்பீக்கர் டப்பாவிலேயே இருக்கட்டும். ட்ரில் வேலை எல்லாம் முடிந்து, வாக்வம் போட்டு, ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் டப்பாவைத் திறக்கணும். வெட்டுப்பட்ட தகட்டு விளிம்பில் பெயின்ட் ஒரு தொடு தொட்டுவிடுங்கள். கடற்கரை ஊர்களில் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

ஸ்பேசர் ரிங் எதுக்கு? நேரா தகட்டுலயே ஸ்க்ரூ பண்ணிடலாமே?

மூன்று வேலைக்கு. ஒன்று, கதவுத் தகடு மெல்லிசு, சில இடங்களில் மேடுபள்ளம். ஸ்பீக்கர் சட்டம் அதில் சமமாக உட்காராது. ரெண்டாவது, கனமான ஸ்பீக்கர் அசையும்போது மெல்லிய தகடும் கூடவே அசையும், கோன் முன்னால் தள்ள வேண்டிய சக்தியில் ஒரு பங்கு தகட்டை ஆட்டுவதில் வீணாகும். தடிமனான, விறைப்பான ரிங் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும். மூன்றாவது, ஸ்பீக்கரை முன்னால் கொண்டுவருவதால் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கிடைக்கும்.

ரிங்கைத் தகட்டோடு போல்ட் நட் போட்டோ ரிவெட் நட் (தகட்டுத் துளையிலேயே இறுகி நிற்கும் நட்) வைத்தோ இறுக்குங்கள். தகட்டு ஸ்க்ரூவை மட்டும் நம்பினால் கொஞ்ச காலத்தில் துளை தேய்ந்து லூசாகிவிடும். ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கேஸ்கெட், ரிங்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இன்னொன்று. மாட்டி முடித்ததும் ரிங்கை ரெண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கதவோடு சேர்ந்துதான் ஆடணும், தனியாக ஆடக்கூடாது.

கடைல கிடைக்கற பிளாஸ்டிக் ரிங் நல்லதா, கார்பெண்டர்கிட்ட மரத்துல வெட்டிக்கட்டுமா?

கார் மாடலுக்கென்றே வரும் ரிங் துளைக்குத் துளை பொருந்தும், வேலை சுலபம். ஆனால் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், சில ரிங்குகள் பிஸ்கட் டப்பா மூடி மாதிரி வளையும். அது வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் அல்லது அலுமினியம் என்றால் தாராளமாகப் போடலாம்.

மரம் என்றால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், விறைப்பும் உண்டு, ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிப் புட்டு மாதிரி உதிர்ந்துவிடும். கதவுக்குள் தண்ணீர் வருவது சகஜம். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை ஒன்று போதும். அதனால் 12 அல்லது 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் எடுத்து, வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் எபாக்ஸியோ பாலியூரித்தேன் வார்னிஷோ ரெண்டு மூன்று கோட் அடியுங்கள். ஸ்க்ரூத் துளை போட்ட பிறகு அந்தத் துளைக்குள்ளும் ஒரு சொட்டு விடணும், தண்ணீர் உள்ளே போக அதுவும் ஒரு வழி.

கண்ணாடியை இறக்கினா ஸ்பீக்கர்ல இடிக்குது. என்ன செய்ய?

ஆழம் பார்க்காமல் வாங்கியதால் வந்தது. 6.5 இன்ச் ஸ்பீக்கர்களின் ஆழம் பெரும்பாலும் 55 முதல் 70 மில்லிமீட்டருக்குள் இருக்கும். கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, தகட்டிலிருந்து கண்ணாடி வரை அளந்து, அதோடு ரிங் தடிமனைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஆழத்தைவிட அது குறைந்தது 5 மில்லிமீட்டராவது அதிகமாக இருக்கணும், கண்ணாடி ஓடும்போது கொஞ்சம் ஆடும் என்பதால். கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டர் கம்பியும் அந்தப் பக்கம் வரும், அதையும் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் தடிமன் கூடிய ரிங். ஆனால் ரொம்ப முன்னால் வந்தால் டோர் பேடின் கிரில்லில் கோன் உரசும். பேடின் உள்பக்கம் கிரில் பகுதியில் கொஞ்சம் களிமண் உருண்டை ஒட்டி, பேடை வைத்து அழுத்தி எடுத்தால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று உருண்டை நசுங்கியதே காட்டிவிடும்.

டேம்பிங் ஷீட் கதவு முழுக்க ஒட்டணுமா?

வேண்டாம். அலுமினியத் தாளோடு வரும் ப்யூட்டைல் ஷீட்டின் வேலை தகடு அதிர்வதைத் தடுப்பது. ஒரு தகட்டின் கால் பங்கு பரப்பில் நடுவாக ஒட்டினாலே அதிர்வு நன்றாக அடங்கிவிடும், அதற்கு மேல் ஒட்ட ஒட்ட பலன் குறைந்துகொண்டே வரும். வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், "டங்" என்று நீளமாகக் கேட்கும். நடுவில் ஒரு துண்டு ஒட்டி ரோலரால் நன்றாக உருட்டிவிட்டு மறுபடி தட்டினால் "டொப்" என்று அடங்கிவிடும். அந்தச் சத்தம் வந்ததும் அடுத்த இடத்துக்குப் போகலாம்.

ஒட்டுமுன் தகட்டை எண்ணெய்ப்பசை போக ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கணும். ரோலர் ஓட்டாமல் கையால் தடவிவிட்டால் உள்ளே காற்று நின்றுவிடும், வேலையும் செய்யாது, வெயிலில் பிரிந்தும் வரும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கும் வெளித்தகட்டில் ஒரு துண்டு கட்டாயம். இன்னொன்று, அதிகம் ஒட்டினால் கதவு கனத்துப் போகும், பழைய கார் என்றால் கீல் தொங்கும்.

மொட்டை மாடில தண்ணி ஒழுகாம ஒட்டற தார் ஷீட் பாதி விலைதானே, அதையே ஒட்டிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மே மாத வெயிலில் நிறுத்தின காரின் கதவுத் தகட்டில் கை வைக்க முடிகிறதா என்று யோசியுங்கள். தார் அந்தச் சூட்டில் இளகும், வழியும், காருக்குள் நாற்றம் வரும், கண்ணாடி ரப்பரில் பட்டால் சுத்தம் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ப்யூட்டைல்தானா என்று கேட்டு வாங்குங்கள். காசு குறைவு என்றால் நல்ல ஷீட்டைக் கொஞ்சமாக ஒட்டுங்கள், முந்தின பதிலில் சொன்ன மாதிரி கால் பங்கே போதும்.

உள்தகட்டு ஓட்டைகளை மூடணும்னு சொல்றீங்க. நாளைக்கு கண்ணாடி மோட்டார் போனா மெக்கானிக் எப்படி கை விடுவார்?

நியாயமான கேள்வி. வெறும் டேம்பிங் ஷீட்டை ஓட்டைக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினால் அது பறைத்தோல் மாதிரி பேஸுக்குத் தகுந்தபடி உள்ளும் வெளியும் போய்வரும், மெக்கானிக்கும் கிழித்துத்தான் எடுக்கணும். பெரிய ஓட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டையோ கெட்டியான பிளாஸ்டிக் தகட்டையோ ஓட்டையைவிட ஒரு விரல்கடை பெரிதாக வெட்டி, ஓரத்தில் ஃபோம் டேப் ஒட்டி, நாலு ஸ்க்ரூவில் மாட்டுங்கள். அதன் மேல் டேம்பிங் துண்டு. ரிப்பேர் வந்தால் நாலு ஸ்க்ரூவோடு வேலை முடிந்தது.

லாக் கம்பி, ரெகுலேட்டர் கேபிள் போகும் இடத்தை மறைத்துவிடாதீர்கள். மூடிய பிறகு கண்ணாடியை மேலும் கீழும் ரெண்டு மூன்று முறை ஓட்டி, உள்ளிருந்தும் வெளியிருந்தும் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பேடை மாட்டணும்.

அந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணாடியின் வெளிப்பக்க ரப்பரைத் தாண்டி மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அதற்குத்தான் கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். உள்பக்கமாகத் தெறிக்கும் தண்ணீரைத் தடுத்துக் கீழே வழிய விடுவது அந்தத் தாள். அது இல்லாமல் போனால் தண்ணீர் டோர் பேடில் ஊறி, பிறகு காலடி மேட்டுக்கு வந்து சேரும். "மழை பெஞ்சா கால் மேட் நனையுது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே, சமீபத்தில் ஸ்பீக்கர் மாற்றினீர்களா என்பதுதான்.

கழட்டும்போது அந்தக் கருப்புப் பசையை பிளேடால் மெல்ல அறுத்து, தாள் கிழியாமல் விலக்குங்கள். பசையில் மண் படாமல் பார்த்துக்கொண்டால் அதுவே திரும்ப ஒட்டும். இல்லையென்றால் ப்யூட்டைல் கயிறு கிடைக்கிறது. ஓட்டைகளை முந்தின பதிலில் சொன்ன மாதிரி முழுசாக மூடிவிட்டால் தாள் தேவையில்லை, அந்த மூடியே அதன் வேலையைப் பார்க்கும். எது எப்படியோ, அடி வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது.

தண்ணி படாம இருக்க ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஃபோம் கப் போடலாமா?

முழுசாக மூடிய கப் போட்டால் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் காற்று ஒரு டம்ளர் அளவுக்குச் சுருங்கி பேஸ் போய்விடும். கதவு முழுவதையும் பெட்டியாக்க இவ்வளவு பாடுபட்டதே வீண். கப்பின் மேல் பாதியை மட்டும் வெட்டி, தாழ்வாரம் மாதிரி ஸ்பீக்கருக்கு மேலே நிற்க வையுங்கள். மேலிருந்து சொட்டுவது விலகிப்போகும், பின்பக்கம் திறந்தே இருக்கும்.

ஸ்பீக்கரைச் சுத்தி ஃபோம் வளையம் ஒட்டணும்கறாங்க, அது ஏற்கெனவே போட்ட கேஸ்கெட்தானே?

இல்லை, இது வேறு. கேஸ்கெட் ஸ்பீக்கருக்கும் ரிங்குக்கும் நடுவே இருப்பது. நான் சொல்லும் வளையம் ஸ்பீக்கரின் முன்விளிம்பிலிருந்து டோர் பேடின் கிரில் வரை நிற்கும். இது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் போடும் சத்தத்தில் ஒரு பகுதி கிரில் வழியாக வராமல் பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தில் பரவி, பேடையே கடகடக்க வைக்கும். செலவு மிகக் குறைவு, ஆனால் பாடுவதற்கும் பேசுவதற்கும் உள்ள தெளிவு சட்டென்று கூடும். மூடிய துளை உள்ள (தண்ணீர் உறிஞ்சாத) ஃபோம் பட்டையை, இருக்கும் இடைவெளியைவிடக் கொஞ்சம் தடிமனாக எடுத்து, பேட் மாட்டும்போது அழுந்தும்படி ஒட்டுங்கள். மொத்த வேலையிலும் போட்ட காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன்.

பாடற குரல் நடுவுல நிக்காம எங்கேயோ மிதக்குது, பேஸும் இல்ல. எல்லாம் டைட்டாதான் மாட்டிருக்கேன்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கும். இடது கோன் முன்னால் வரும்போது வலது கோன் பின்னால் போகிறது, முதல் பதிலில் சொன்ன அதே அழிப்பு இப்போது ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நடக்கிறது. ஒயரைக் கழட்டி, 1.5 வோல்ட் பென்சில் செல்லின் ப்ளஸ்ஸை ஸ்பீக்கரின் ப்ளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே வரணும். அதே மாதிரி ஸ்டீரியோ பக்க ஒயரில் செல்லைத் தொட்டும் (ஸ்டீரியோ கப்ளரைக் கழட்டிவிட்டுத்தான்) எது ப்ளஸ் என்று கண்டுபிடிக்கலாம். கம்போனென்ட் ட்வீட்டரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அதன் அசைவு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒயரின் குறியைப் பார்த்துத்தான் போகணும்.

வீட்டு வயரிங் ஒயர் மிச்சம் இருக்கு, போட்டுக்கலாமா? வாரண்டி போயிடுமா?

கதவு தினமும் எத்தனை தடவை திறந்து மூடுகிறோம்! தடிமனான ஒற்றைக் கம்பி ஒயர் வளைந்து வளைந்து ஒரு நாள் உள்ளே முறியும். நிறைய மெல்லிழை உள்ள செம்பு ஒயர் வேண்டும், 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் கதவு ஸ்பீக்கருக்குத் தாராளம். உண்மையில் தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) போடாதவர்களுக்குக் கம்பெனி ஒயரே போதும், மாற்ற வேண்டியதில்லை. புது ஒயர் இழுத்தால் கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வழியாகவே கொண்டுவாருங்கள், கதவு இடுக்கில் நசுங்க விடாதீர்கள்.

கம்பெனி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால் எலெக்ட்ரிக்கல் வாரண்டியில் தகராறு வர வாய்ப்புண்டு, சூட்டில் அந்த டேப்பின் பசையும் வழிந்துவிடும். உங்கள் காரின் சாக்கெட்டுக்குப் பொருந்தும் கப்ளர் வாங்கி அதில் ஸ்பீக்கர் முனைகளை க்ரிம்ப் செய்யுங்கள் (அழுத்தி இறுக்குங்கள்). ஒன்றையும் வெட்டாமல் வேலை முடியும்.

என் செட்ல 50 வாட் இன்ட்டு 4னு போட்டிருக்கு. அப்புறம் ஆம்ப் எதுக்கு?

அந்த 50 வாட் உச்சக் கணக்கு. கார் மின்சாரம் ஏறக்குறைய 14.4 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சுத்தமாக எடுக்கக்கூடிய ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும்) பவர் கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது, நிஜத்தில் 20க்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே ஆம்ப் இல்லாதவர்கள் டப்பாவில் உள்ள வாட்டைப் பார்க்காமல் சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவை, பாருங்கள். 92 டெசிபல் ஸ்பீக்கர், 89 டெசிபல் ஸ்பீக்கர் போடும் சத்தத்தைப் பாதி பவரிலேயே போடும். 2 ஓம் ஸ்பீக்கர் வாங்குமுன் உங்கள் செட் அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள், தாங்காவிட்டால் செட் சூடாகிக் கட் ஆகும்.

செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழான ஒலியைத் தடுப்பது) இருந்தால் கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். 6.5 இன்ச் கோனால் முடியாத ஆழ பேஸைத் தள்ளிவிட்டால், முடிந்ததை அது சுத்தமாகச் செய்யும். சத்தத்தைக் கூட்டும்போது கரகரப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

ட்வீட்டரை ஏ பில்லர்ல ஓட்டை போட்டு மாட்டலாமா? கார்ல ஆறு ஏர்பேக் இருக்கு.

கூடாது. கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது ஏ பில்லரை (முன் கண்ணாடியின் பக்கவாட்டில் நிற்கும் தூண்) ஒட்டித்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும், விரியும்போது அங்கே திருகிய எதுவும் ஆளின் முகத்தை நோக்கிப் பாயும். சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோண பிளாஸ்டிக்தான் சரியான இடம், பல கார்களில் அதற்கு இடமும் விட்டிருக்கிறார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லியாகணும். சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கண்டுபிடிக்கும் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கிறது, தகடு நசுங்கும்போது கதவுக்குள் காற்றழுத்தம் எகிறுவதை வைத்து அது ஏர்பேக்கை விரிக்கும். அப்படிப்பட்ட கதவில் ஓட்டைகளை இஷ்டத்துக்கு மூடுவதும் திறந்துவிடுவதும் அந்தக் கணக்கைக் குழப்பலாம். உங்கள் காரில் அந்த வகை சென்சார் என்றால், கம்பெனி எப்படி மூடி வைத்ததோ அப்படியே திரும்ப மூடுங்கள், ஸ்பீக்கர் ரிங்கையும் காற்று போகாமல் மாட்டுங்கள், அதற்கு மேல் கை வைக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டே இறங்குங்கள். பாட்டைவிட உள்ளே உட்காருகிற ஆள் முக்கியம்.

எல்லாம் நீங்க சொன்னபடி பண்ணிட்டேன். ஒரு சில பாட்டுக்கு மட்டும் கர்ர்ர்னு ஒரு சத்தம்.

ஒவ்வொரு பொருளுக்கும் தான் அதிர்கிற ஒரு ஒலி உண்டு, அந்தப் பாட்டின் பேஸ் அதைத் தொடுகிறது. 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டெஸ்ட் டோனை மிதமான சத்தத்தில் ஓட விடுங்கள். கர்ர் கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஒருவர் உள்ளே உட்கார, இன்னொருவர் பேடை ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கணும். அழுத்தியதும் நிற்கும் இடம்தான் குற்றவாளி.

வழக்கமாகச் சிக்கும் குற்றவாளிகள் லாக் கம்பி, தொங்கும் கப்ளர், உடைந்த கிளிப்பின் துண்டு, கிரில்லின் தளர்ந்த கம்பி வலை. கம்பிக்கு ஃபோம் டேப் சுற்றுங்கள், ஒயரை தகட்டோடு ஒட்டுங்கள், கிளிப்பை மாற்றுங்கள். இவை எதுவும் இல்லை என்றால்தான் வாய்ஸ் காயிலில் இரும்புத் தூளா என்று சந்தேகப்படணும்.

டிரைவர் சீட்ல உட்கார்ந்தா வலது கதவு மட்டும்தான் கேக்குது. பேலன்ஸை இடது பக்கம் தள்ளிடட்டுமா?

கொஞ்சம் உதவும், ஆனால் முழுசாகச் சரியாகாது. வலது ஸ்பீக்கரின் ஒலி உங்கள் காதுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஒலி ஒரு மில்லி நொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும், இடது ஸ்பீக்கர் அரை மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் ஒன்றரை மில்லி நொடி தாமதம். செட்டில் டைம் அலைன்மென்ட் (பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் காது வரை டேப் வைத்து அளந்து அந்தத் தூரத்தைப் போடுங்கள், குரல் அப்படியே நடுவுக்கு நகரும். அந்த வசதி இல்லாத செட் என்றால், ட்வீட்டரை எதிர்ப்பக்க சீட்டைப் பார்க்கத் திருப்பி வைப்பது ஓரளவு கைகொடுக்கும்.

இதுக்குப் பதிலா பின்னாடி ட்ரேல பெரிய ஓவல் ஸ்பீக்கர் போட்டா பேஸ் வந்துடாதா?

வரும், ஆனால் முதுகுப் பக்கத்திலிருந்து வரும், பாடகரும் முதுகுக்குப் பின்னால் போய்விடுவார். ஹேட்ச்பேக்கில் அந்த ட்ரே வெறும் அட்டை, டிக்கியும் காற்றுப் புகாத பெட்டி அல்ல, கனமான ஸ்பீக்கரை அதில் வைத்துப் பள்ளத்தில் இறங்கினால் ட்ரேயே எகிறும். முன் கதவுகளை முதலில் சரி செய்யுங்கள். அப்புறமும் ஆழமான பேஸ் வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபர் நல்ல வழி.

காரை விக்கும்போது பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டிடலாமா?

மாட்டலாம், அதற்காகத்தான் ஒயரை வெட்டாதீர்கள், கம்பெனி ஓட்டையைப் பெரிதாக்காதீர்கள் என்று சொல்கிறேன். பழைய ஸ்பீக்கர், ஸ்க்ரூ, கேஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எந்தக் கதவு என்று எழுதி வையுங்கள். ரிவெட் எடுத்த இடத்தில் ரிவெட் நட் வைத்திருந்தால் பழையதும் அதிலேயே ஏறும். டேம்பிங் ஷீட்டைப் பிய்க்க முயற்சிக்க வேண்டாம், சூடு காட்டித்தான் வரும், பாதி அங்கேயே தங்கிவிடும். விட்டுவிடுங்கள், வாங்குகிறவருக்குக் கதவு "டொப்" என்று கனமாகச் சாத்துவது பிடிக்கத்தான் செய்யும்.